மார்கரெட் ஓக்லி டேஹாஃப்

மார்கரெட் ஓக்லி டேஹாஃப் (மார்ச் 11, 1925 – பெப்ரவரி 5, 1983) அமெரிக்காவைச் சேர்ந்த இயற்பிய வேதியியலாளர். உயிர்தகவலியல் என்னும் துறையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகக் கருதப்படுபவர். புரதங்களின் அமினோ அமில வரிசைகளைத் திரட்டி, கணினியில் சேமித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அவற்றிலிருந்து உயிரினங்களின் வரலாற்றை அறியலாம் என்பதைச் செய்து காட்டினார். 1965 இல் இவர் வெளியிட்ட புரத வரிசை அட்லசு, பின்னர் வந்த மூலக்கூற்றுத் தரவுத்தளங்களுக்கு முன்னோடியாகும். அமினோ அமிலங்களுக்கான ஓரெழுத்துக் குறியீடும், புரத ஒப்பீட்டில் பயன்படும் பேம் அணிகளும் இவருடைய முக்கியமான பங்களிப்புகள். உயிர்தகவலியல் மென்பொருள்கள் நிறுவப்பட்ட லினக்ஸ் வழங்கிகள் பலவற்றில் இவருடைய பணியின் ஏதேனும் ஒரு கூறு இன்றும் இயங்கிக்கொண்டிருக்கிறது.

இளமையும் கல்வியும்

மார்கரெட் பெல் ஓக்லி அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்தார். பெற்றோருக்கு இவர் ஒரே குழந்தை. தந்தை கென்னத் ஓக்லி சிறுதொழில் நடத்தி வந்தார். தாய் ரூத் கிளார்க் ஓக்லி உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்தவர். மார்கரெட்டுக்குப் பத்து வயதானபோது குடும்பம் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1942 இல் பேசைடு உயர்நிலைப் பள்ளியில் முதல் மாணவியாகத் தேறினார்.

பள்ளியில் பெற்ற மதிப்பெண்கள் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வாசிங்டன் சதுக்கக் கல்லூரியில் பயில உதவித்தொகையைப் பெற்றுத் தந்தன. அங்கு கணிதம் பயின்று, மூன்றே ஆண்டுகளில், 1945 இல் சிறப்புத் தகுதியுடன் இளங்கலைப் பட்டம் பெற்றார். அடுத்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிம்பால் என்பவரின் வழிகாட்டலில் குவாண்டம் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கினார்.

துளை அட்டைகளும் முனைவர் பட்ட ஆய்வும்

பல வளையங்களைக் கொண்ட கரிமச் சேர்மங்களின் உடனிசைவு ஆற்றலைக் கணக்கிடுவதே இவருடைய ஆய்வுப் பொருளாகும். இக்கணக்குகளைக் கையால் போடுவதற்கு மிக நீண்ட காலம் பிடிக்கும். அக்காலத்தில் மின்னணுக் கணினிகள் ஆய்வாளர்களுக்கு எளிதில் கிடைப்பனவாக இல்லை. ஆனால் வணிக நிறுவனங்கள் சம்பளப் பட்டியலுக்கும் கணக்கு வழக்குக்கும் பயன்படுத்திய துளை அட்டை இயந்திரங்கள் இருந்தன. கொலம்பியாவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆதரவில் இயங்கிய வாட்சன் கணிப்பு ஆய்வகத்தில் இருந்த இத்தகைய இயந்திரங்களைக் கொண்டு, மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணக்கிடும் முறையை டேஹாஃப் உருவாக்கினார். 1948 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

வேறொரு தேவைக்காகச் செய்யப்பட்ட கருவியை அறிவியல் சிக்கலுக்குப் பொருத்துவதும், மனிதர் செய்து சலிக்கும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைப்பதும் இவருடைய பிற்கால ஆய்வுகள் அனைத்திலும் காணப்படும் இயல்புகளாகும்.

குடும்பமும் ஆய்வில் இடைவெளியும்

1948 இல் இயற்பியலாளரான எட்வர்டு டேஹாஃப்பை மணந்தார். இவர்களுக்கு இரு மகள்கள். 1948 முதல் 1951 வரை நியூயார்க்கில் ராக்பெல்லர் நிறுவனத்தில் டங்கன் மாக்கின்னஸ் என்பவரிடம் மின்வேதியியல் ஆய்வில் ஈடுபட்டார். 1952 இல் குடும்பம் மேரிலாந்து மாநிலத்திற்கு இடம்பெயர்ந்தது. பிள்ளைகளை வளர்ப்பதற்காகச் சில ஆண்டுகள் முழுநேர ஆய்விலிருந்து விலகியிருந்தார். 1950களின் பிற்பகுதியில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் எல்லிஸ் லிப்பின்காட் என்பவருடன் இணைந்து வேதிப் பிணைப்பு பற்றிய ஆய்வைத் தொடங்கியபோதே மீண்டும் ஆய்வுலகிற்கு வந்தார்.

தேசிய உயிர்மருத்துவ ஆய்வு அறக்கட்டளை

உயிரியலிலும் மருத்துவத்திலும் கணினியைப் பயன்படுத்தச் செய்வதை நோக்கமாகக் கொண்டு ராபர்ட் லெட்லி 1960 இல் தேசிய உயிர்மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை நிறுவினார். லெட்லி பல் மருத்துவமும் இயற்பியலும் கற்றவர். உடல் முழுவதையும் படமெடுக்கும் கணினி வெட்டுவரைவிக் கருவியைப் பின்னாளில் உருவாக்கியவர். அவருடைய அழைப்பை ஏற்று, டேஹாஃப் 1960 இல் அந்த அறக்கட்டளையில் துணை இயக்குநராகச் சேர்ந்தார். இறுதிவரை அந்நிறுவனமே இவருடைய பணியிடமாக இருந்தது. பின்னாளில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் உடலியங்கியல், உயிரியற்பியல் பேராசிரியராகவும் பணியாற்றினார்.

காம்புரோட்டீன் நிரல்

புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்கள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் கோக்கப்பட்ட சங்கிலி. ஒரு புரதத்தின் முழு வரிசையையும் கண்டறியலாம் என்பதை இங்கிலாந்தின் பிரெடெரிக் சாங்கர் இன்சுலினைக் கொண்டு நிறுவினார். இன்சுலினில் 51 அமினோ அமிலங்களே உள்ளன. எனினும் அப்பணிக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. அதற்காக அவருக்கு 1958 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அக்கால முறையில் முழுச் சங்கிலியையும் ஒரே மூச்சில் படிக்க இயலாது. நொதிகளைக் கொண்டு சங்கிலியைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் வரிசையையும் தனித்தனியே கண்டறிந்து, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களைக் கொண்டு முழு வரிசையையும் மீட்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மலைய, யடிவா, வாரம் என மூன்று துண்டுகள் கிடைத்தால், முதல் துண்டின் இறுதியும் இரண்டாம் துண்டின் தொடக்கமும் ய என்பதில் பொருந்துகின்றன. இரண்டாவதும் மூன்றாவதும் வா என்பதில் பொருந்துகின்றன. எனவே முழுச் சொல் மலையடிவாரம் என்பது தெரியவருகிறது. துண்டுகள் மூன்றாக இருக்கும்போது இது எளிது. நூற்றுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களைக் கொண்ட புரதத்தில், பல துண்டுகள் ஒன்றுபோலவே தோன்றும்போது, கையால் செய்தால் பிழை நேர்வது இயல்பு.

இப்பணியைச் செய்வதற்காக டேஹாஃப்பும் லெட்லியும் காம்புரோட்டீன் என்னும் நிரலை உருவாக்கி 1962 இல் வெளியிட்டனர். ஐ.பி.எம். 7090 கணினியில் இயங்கிய இந்நிரல் போர்ட்ரான் மொழியில் எழுதப்பட்டது. துண்டுகளின் விவரங்களைத் துளை அட்டைகளில் கொடுத்தால், அவற்றோடு பொருந்தக்கூடிய வரிசைகளைச் சில நிமிடங்களில் அது தேடித் தந்தது. இன்று டி.என்.ஏ. துண்டுகளைக் கோத்து முழு மரபுத்தொகையை மீட்கும் மென்பொருள்கள் எதிர்கொள்ளும் சிக்கலும் அடிப்படையில் இதுவேயாகும்.

கோள்களின் வளிமண்டலம் பற்றிய ஆய்வு

உயிர் தோன்றுவதற்கு முன் இருந்த வேதியியல் நிலைகளிலும் டேஹாஃப் ஆர்வம் கொண்டிருந்தார். எல்லிஸ் லிப்பின்காட், ரிச்சர்டு எக் ஆகியோருடன் சேர்ந்து, தொல்பழங்கால வளிமண்டலங்களில் எந்தெந்தச் சேர்மங்கள் எவ்வளவு இருந்திருக்கலாம் என்பதை வெப்ப இயக்கச் சமநிலைக் கணக்கீடுகளின் மூலம் ஆராய்ந்து, 1964 இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார். வானியலாளர் கார்ல் சேகனும் இவர்களுடன் இணைந்து கோள்களின் வளிமண்டலம் குறித்து ஆய்வு செய்தார். இந்த ஆய்வுகளுக்குத் தேவையான கணினி நிரலை டேஹாஃப் வடிவமைத்தார்.

புரத வரிசை அட்லசு

1960களின் தொடக்கத்தில் புரத வரிசைகள் பல்வேறு ஆய்விதழ்களில் சிதறிக் கிடந்தன. ஒரு புரதத்தை ஆராய்பவர் மற்றொரு புரதத்தின் வரிசையை அறிய நூலகத்தில் தேட வேண்டியிருந்தது. டேஹாஃப், ரிச்சர்டு எக், மேரி சாங், மின்னி சோச்சார்டு ஆகியோர் அதுவரை வெளியான வரிசைகளைத் திரட்டி, 1965 இல் புரத வரிசை, கட்டமைப்பு அட்லசு என்னும் நூலை வெளியிட்டனர். முதற்பதிப்பில் ஏறத்தாழ 65 புரதங்களின் வரிசைகள் இடம்பெற்றிருந்தன.

அட்லசு வெறும் பட்டியலாக இருக்கவில்லை. ஒவ்வொரு வரிசையும் மூலக் கட்டுரையுடன் சரிபார்க்கப்பட்டது. ஆய்வாளர்களிடம் ஐயங்கள் கேட்கப்பட்டன, பிழைகள் திருத்தப்பட்டன. ஒரே மூதாதையிலிருந்து வந்தவையாகத் தோன்றிய புரதங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டு, அவற்றின் ஒற்றுமை வேற்றுமைகள் தெரியுமாறு நிரல்படுத்தப்பட்டன. இவ்வாறு புரதங்களைக் குடும்பங்களாகவும், அவற்றைப் பெருங்குடும்பங்களாகவும் வகைப்படுத்தும் முறை அட்லசின் வழியாக வளர்ந்தது. அதன் அடுத்தடுத்த தொகுதிகளும் இணைப்புகளும் 1978 வரை வெளிவந்தன. பின்னாளில் தரவுகள் காந்த நாடாக்களிலும் வழங்கப்பட்டன.

இப்பணிக்கு நிதி திரட்டுவது எப்போதும் கடினமாக இருந்தது. சோதனைக் குழாயில் புதிதாக ஒன்றைக் கண்டறிவதே ஆய்வு என்றும், பிறர் கண்டறிந்ததைத் தொகுப்பது நூலகப் பணி என்றும் கருதும் போக்கு அறிவியலாளரிடையே நிலவியது. செலவின் ஒரு பகுதியை ஈடுகட்ட அறக்கட்டளை அட்லசை விலைக்கு விற்றது. அதன் பதிப்புரிமையையும் தன்னிடமே வைத்துக்கொண்டது. இந்த முடிவு பின்னர் பெரும் விளைவை ஏற்படுத்தியது.

ஓரெழுத்துக் குறியீடு

வேதியியலாளர்கள் அமினோ அமிலங்களை மூன்றெழுத்துச் சுருக்கங்களால் குறித்து வந்தனர். நினைவகம் மிகச் சிறியதாக இருந்த அக்காலக் கணினிகளில் இது வீண் செலவாகும். நீண்ட வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டு ஒப்பிடுவதற்கும் மூன்றெழுத்து முறை வசதியாக இல்லை. எனவே டேஹாஃப் ஒவ்வோர் அமினோ அமிலத்திற்கும் ஒரே ஓர் எழுத்தைக் கொடுத்தார்.

இருபது அமிலங்களுள் பலவற்றின் ஆங்கிலப் பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. எனவே எளிதில் நினைவில் நிற்குமாறு எழுத்துகள் பங்கிடப்பட்டன. ஓர் எழுத்தில் தொடங்கும் பெயர் ஒன்றே ஒன்றாயின், அவ்வெழுத்தே அந்த அமிலத்திற்கு வழங்கப்பட்டது. இசுடிடின், வாலின் போன்றவை இவ்வகையின. பல பெயர்கள் ஓர் எழுத்துக்குப் போட்டியிட்டால், புரதங்களில் மிகுதியாகக் காணப்படும் அமிலத்திற்கு முன்னுரிமை தரப்பட்டது. ஆகவே அலனினுக்கு ஏ என்னும் எழுத்தும், லூசினுக்கு எல் என்னும் எழுத்தும் கிடைத்தன. எஞ்சியவற்றுள் பீனைல்அலனினுக்கு ஒலியொப்புமையால் எஃப் தரப்பட்டது. இரட்டை வளையம் கொண்ட பருமனான டிரிப்டோபானுக்கு, அகன்ற எழுத்தான டபிள்யூ தரப்பட்டது. தூய, பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியத்தைச் சார்ந்த பெயரீட்டு ஆணையம் 1968 இல் ஓரெழுத்துக் குறியீட்டை வெளியிட்டது. அன்றிலிருந்து அது உலகப் பொதுமுறையாக இருந்து வருகிறது.

படிவளர்ச்சி மரங்கள்

ஒரே புரதம் வெவ்வேறு உயிரினங்களில் சிறு வேறுபாடுகளுடன் காணப்படுகிறது. வேறுபாடுகள் குறைவாக இருப்பின் அவ்வுயிரினங்கள் அண்மைக் காலத்தில் பிரிந்தவை. மிகுதியாக இருப்பின் நெடுங்காலத்திற்கு முன் பிரிந்தவை. இக்கருத்தைப் பிறரும் முன்வைத்திருந்தனர். டேஹாஃப்பும் எக்கும் இதைக் கணினியால் செய்யத்தக்க முறையாக மாற்றினர். 1966 இல் வெளியான அட்லசில், கொடுக்கப்பட்ட வரிசைகளை விளக்குவதற்கு மிகக் குறைந்த எண்ணிக்கையிலான மாற்றங்களே தேவைப்படும் மரத்தைத் தேடும் முறையை விளக்கினர். மூலக்கூற்று வரிசைகளிலிருந்து கணினியின் துணையால் படிவளர்ச்சி மரங்களை அமைத்த முன்னோடி முயற்சிகளுள் இது ஒன்றாகும்.

அதே ஆண்டில் பெரடாக்சின் என்னும் சிறு புரதத்தைப் பற்றி இருவரும் எழுதிய கட்டுரை சயன்ஸ் இதழில் வெளியானது. அப்புரதத்தின் வரிசைக்குள்ளேயே திரும்பத் திரும்ப வரும் அமைப்பைக் கண்டு, அது மிகச் சிறிய தொன்மையான ஒரு துண்டு இரட்டித்ததால் உருவாகியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தனர். 1978 இல் ராபர்ட் சுவார்ட்சும் டேஹாஃப்பும் சயன்ஸ் இதழில் எழுதிய மற்றொரு கட்டுரை, உயிரணுக்களிலுள்ள இழைமணிகளும் பசுங்கணிகங்களும் ஒருகாலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியங்களிலிருந்து வந்தவை என்னும் கருதுகோளுக்கு வரிசைச் சான்றுகளை அளித்தது.

பேம் அணிகள்

இரு புரதங்களை ஒப்பிடும்போது, வேறுபடும் இடங்களை எண்ணுவது மட்டும் போதாது. ஐசோலூசினும் லூசினும் ஏறத்தாழ ஒரே இயல்புடையவை. ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்தாலும் புரதம் பெரும்பாலும் தொடர்ந்து இயங்கும். டிரிப்டோபானின் இடத்தில் சிசுடீன் வந்தால் புரதம் குலைந்து போகக்கூடும். எந்த மாற்றம் எளிது, எந்த மாற்றம் அரிது என்பதை எண்களால் எவ்வாறு குறிப்பது?

அமிலங்களின் வேதியியல் பண்புகளைக் கொண்டு ஊகிப்பதற்கு மாறாக, இயற்கையில் உண்மையில் நிகழ்ந்துள்ள மாற்றங்களை எண்ணிப் பார்ப்பது என்ற வழியை டேஹாஃப் தேர்ந்தெடுத்தார். அட்லசில் திரண்டிருந்த தரவுகள் இதற்கு உதவின. குறைந்தது 85 விழுக்காடு ஒத்திருக்கும் நெருங்கிய உறவுடைய புரதங்களே எடுத்துக்கொள்ளப்பட்டன. உறவு நெருக்கமாக இருந்தால், ஓரிடத்தில் காணப்படும் வேறுபாடு ஒரே ஒரு மாற்றத்தால் நிகழ்ந்தது என்று கொள்ளலாம். இவ்வாறு 71 தொகுதிகளில் 1572 மாற்றங்கள் எண்ணப்பட்டன. டேஹாஃப், சுவார்ட்சு, ஆர்கட் ஆகிய மூவரும் இம்முறையை 1978 இல் அட்லசின் இணைப்பில் விளக்கமாக வெளியிட்டனர்.

இங்குப் பேம் என்பது, இயற்கைத் தெரிவால் ஏற்றுக்கொள்ளப்பட்ட புள்ளிப் பிறழ்வைக் குறிக்கும் சுருக்கப் பெயர். நூறு அமினோ அமிலங்களுக்குச் சராசரியாக ஒரு மாற்றம் நிகழும் தொலைவு 1 பேம் எனப்படும். பேம்1 அணியைத் தன்னாலேயே மீண்டும் மீண்டும் பெருக்கினால், மேலும் தொலைவான உறவுகளுக்குரிய அணிகள் கிடைக்கும். 250 பேம் தொலைவில் உள்ள இரு புரதங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இடங்களே ஒத்திருக்கும். அத்தொலைவிலும் உறவை இனங்காண உதவுவது பேம்250 அணி. அதில் டிரிப்டோபான் மாறாதிருப்பதற்கு 17 மதிப்பெண் உண்டு. லூசின் ஐசோலூசினாக மாறுவதற்கு 2. டிரிப்டோபான் சிசுடீனாக மாறுவதற்கு –8. ஒரு புரதத்தின் ஒவ்வோர் இடத்திற்கும் இம்மதிப்பெண்களைக் கூட்டினால், காணப்படும் ஒற்றுமை உறவால் வந்ததா, தற்செயலானதா என்பதை மதிப்பிடலாம்.

தொகுப்பு தந்த கண்டுபிடிப்பு

தொகுப்பது ஆய்வாகாது என்னும் கருத்துக்கு மறுப்பாக அமைந்த நிகழ்வு 1982 இல் நடந்தது. வினோனா பார்க்கரும் டேஹாஃப்பும் தம் தரவுத்தளத்தில் இருந்த வரிசைகளை ஒப்பிட்டபோது, கோழிகளில் புற்றுநோயை உண்டாக்கும் நச்சுயிரியின் சார்க் மரபணு ஆக்கும் புரதம், பாலூட்டிகளின் உயிரணுக்களில் இயல்பாக உள்ள ஒரு புரதக் கைனேசுடன் உறவுடையது என்று கண்டறிந்தனர். இரண்டு புரதங்களும் வெவ்வேறு ஆய்வகங்களில், வெவ்வேறு நோக்கங்களுக்காக ஆராயப்பட்டவை. இரண்டும் ஒரே தொகுப்பில் இருந்ததாலேயே அவற்றின் உறவு புலப்பட்டது.

தொலைபேசி வழித் தரவுத்தளம்

1970களின் பிற்பகுதியில் டி.என்.ஏ. வரிசையைப் படிக்கும் விரைவான முறைகள் வந்தன. தரவு பெருகியதால், அச்சு நூல் ஈடுகொடுக்க இயலாமற்போனது. டேஹாஃப்பின் குழு நியூக்ளிக் அமில வரிசைகளையும் திரட்டத் தொடங்கியது. 1980 இல் அத்தரவுத்தளத்தைத் தொலைபேசி இணைப்பு வழியாகத் தொலைவிலிருந்தே பயன்படுத்தும் வசதியை ஏற்படுத்தியது. கணினி முனையமும் மோடமும் உள்ள ஆய்வாளர், தம் இடத்திலிருந்தே வரிசைகளைத் தேடி ஒப்பிட முடிந்தது. இணையம் பொதுமக்களை எட்டுவதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேலாக முற்பட்ட முயற்சி இது.

ஜென்பேங்க் ஒப்பந்தம்

அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள், நாடு தழுவிய நியூக்ளிக் அமிலத் தரவுத்தளம் ஒன்றை நிறுவ முடிவு செய்தன. அப்பணியைப் பெற இரு குழுக்களிடையே போட்டி ஏற்பட்டது. ஒருபுறம், பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தரவுகளைத் திரட்டிப் பழகிய டேஹாஃப்பின் குழு. மறுபுறம், லாஸ் அலமாஸ் தேசிய ஆய்வகத்தில் வால்டர் கோடு என்னும் இயற்பியலாளர் தலைமையில் இயங்கிய குழு. அது போல்ட் பெரானக் அண்டு நியூமன் என்னும் கணினி நிறுவனத்துடன் இணைந்து விண்ணப்பித்தது. 1982 ஜூன் மாதத்தில் ஐந்தாண்டு ஒப்பந்தம் இரண்டாவது குழுவுக்கு வழங்கப்பட்டது. அத்தரவுத்தளமே ஜென்பேங்க் எனப் பெயர் பெற்றது.

அனுபவத்தில் முந்தியிருந்த டேஹாஃப்பின் குழு தோற்றதற்குத் தரவின் உரிமை பற்றிய கேள்வி முதன்மையான காரணம். அறக்கட்டளை தன் தொகுப்பை விலைக்கு விற்றது. வாங்கியவர் அதை மற்றவர்களுக்கு வழங்கத் தடை இருந்தது. நாம் உழைத்துக் கண்டறிந்த வரிசைகளைக் கொடுத்துவிட்டு, அவற்றைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்குவதா என்னும் மனக்குறை சோதனை ஆய்வாளரிடையே இருந்தது. லாஸ் அலமாஸ் குழுவோ தரவுகள் தனியுரிமை எதுவுமின்றி, கணினி வலையமைப்பின் வழியாக யாவருக்கும் கிடைக்கும் என்று உறுதியளித்தது.

எனினும் டேஹாஃப்பின் நிலையை வெறும் உடைமை உணர்வாகக் கொள்வது சரியன்று. வரிசைகளைச் சரிபார்ப்பதற்கும் திருத்துவதற்கும் ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். நிலையான அரசு நிதி இல்லாத நிலையில், நூலை விற்பதைத் தவிர அறக்கட்டளைக்குப் பெரிய வருவாய் வழி இருக்கவில்லை. தரவு யாவருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டுமாயின், அதைப் பேணும் செலவை யார் ஏற்பது என்னும் கேள்வி அறிவியல் தரவுத்தளங்களை இன்றும் விட்டபாடில்லை.

மறைவும் தொடர்ச்சியும்

ஒப்பந்தத்தை இழந்த பின்னரும் டேஹாஃப் தம் பணியை நிறுத்தவில்லை. புரதத் தரவுகளை யாவரும் தொலைவிலிருந்து பயன்படுத்தத்தக்க நிலையான அமைப்பாக்கும் திட்டம் ஒன்றைத் தயாரித்து, நிதி வேண்டித் தேசிய நலவாழ்வு நிறுவனங்களுக்கு அனுப்பினார். அதற்கு ஏறத்தாழ ஒரு வாரத்திற்குப் பின், 1983 பெப்ரவரி 5 அன்று மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 57.

லெட்லி, பார்க்கர் உள்ளிட்ட உடன்பணியாளர்கள் அத்திட்டத்தை முன்னெடுத்தனர். 1984 இல் புரதத் தகவல் வளம் என்னும் அமைப்பு தொடங்கப்பட்டது. 1988 இல் செருமனி, சப்பான் நாடுகளின் நிறுவனங்களும் சேர்ந்து, அது பன்னாட்டு அமைப்பாயிற்று. 2002 இல் இவ்வமைப்பும், ஐரோப்பிய உயிர்தகவலியல் நிறுவனமும், சுவிட்சர்லாந்து உயிர்தகவலியல் நிறுவனமும் தம் புரதத் தரவுத்தளங்களை ஒருங்கிணைக்க யூனிப்ராட் கூட்டமைப்பை ஏற்படுத்தின. அட்லசில் தொடங்கிய தொகுப்பு இவ்வாறு யூனிப்ராட்டில் கலந்தது. அதன் தரவுகளைக் கட்டணமின்றி எவரும் பதிவிறக்கலாம்.

லினக்ஸ் வழங்கிகளில் டேஹாஃப்பின் பணி

உயிர்தகவலியல் ஆய்வகங்கள் பெரும்பாலும் லினக்ஸ் வழங்கிகளையே பயன்படுத்துகின்றன. அவற்றில் மென்பொருள்களை நிறுவும் மாணவர், பல இடங்களில் டேஹாஃப்பின் பணியை எதிர்கொள்கிறார்.

புரத வரிசைகளைத் தேடுவதற்கான பிளாஸ்ட் மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம். டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல்களின் பொதி மேலாளர் மூலமாகவோ, பயோகோண்டா தொகுப்பிலிருந்தோ இதை நிறுவலாம். நிறுவிய பின் தேடுவதற்கு ஒரு தரவுத்தளம் வேண்டும். அதற்காக யூனிப்ராட்டிலிருந்து பதிவிறக்கும் கோப்பு ஃபாஸ்டா வடிவில் இருக்கும். அதாவது ஒரு தலைப்பு வரியும், அதன்கீழ் ஓரெழுத்துக் குறியீட்டில் எழுதப்பட்ட புரத வரிசையும் இருக்கும். அக்கோப்பைத் தரவுத்தளமாக மாற்றி, தேடலைத் தொடங்கும்போது, எந்த மதிப்பெண் அணியைப் பயன்படுத்துவது என்று குறிப்பிடலாம்.

1985 இல் லிப்மனும் பியர்சனும் வெளியிட்ட விரைவுத் தேடல் நிரல் பேம்250 அணியைப் பயன்படுத்தியது. 1992 இல் ஹெனிகாஃப் இணையர் வெளியிட்ட பிளோசம் அணிகள் தொலைவான உறவுகளைக் கண்டறிவதில் மேம்பட்டவையாக இருந்ததால், பிளாஸ்டில் இப்போது பிளோசம்62 அணியே இயல்பிருப்பாக உள்ளது. ஆயினும் பேம்30, பேம்70, பேம்250 ஆகியவையும் அதில் உள்ளன. மிகக் குறுகிய வரிசைகளைத் தேடும் முறையில் பேம்30 அணியே பயன்படுகிறது. இடங்கள் குறைவாக இருக்கும்போது ஒவ்வோர் இடத்தின் ஒற்றுமையும் கூடுதல் மதிப்பெண் பெற வேண்டும் என்பதே இதற்குக் காரணம். பிளாஸ்டின் பழைய பதிப்புகளில் இவ்வணிகள் தனிக் கோப்புகளாக ஓர் அடைவில் வைக்கப்பட்டிருந்தன. அவ்வடைவு எங்குள்ளது என்பதை அமைவுக் கோப்பில் குறிப்பிடாவிட்டால், நிரல் அணியைத் திறக்க இயலவில்லை என்று பிழைச் செய்தி காட்டும். பிந்தைய பதிப்புகளில் அணிகள் நிரலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டன.

எம்பாஸ் தொகுப்பை நிறுவினால், அதன் தரவு அடைவில் பேம் அணிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். படிவளர்ச்சி மரங்களை அமைக்கும் ஃபைலிப், ஐக்யூ-ட்ரீ ஆகிய மென்பொருள்களிலும் டேஹாஃப் மாதிரி ஒரு தெரிவாக உள்ளது. பி.ஏ.எம்.எல். என்னும் மென்பொருளின் தரவு அடைவில் அவருடைய பெயரிலேயே ஒரு கோப்பு உள்ளது. ஒரே மாதிரியை வெவ்வேறு மென்பொருள்கள் சற்றே வேறுபட்ட முறைகளில் அமைத்திருந்ததை 2005 இல் கரோலின் கோசியோலும் நிக் கோல்ட்மனும் எடுத்துக்காட்டி, திருத்தமான வடிவத்தை வெளியிட்டனர். எனவே டேஹாஃப் மாதிரி எனக் குறிக்கப்பட்டிருந்தாலும், எந்த வடிவம் பயன்படுத்தப்பட்டது என்பதைக் கவனிப்பது நலம்.

பிளாஸ்ட் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்றால் உருவாக்கப்பட்டுப் பொது உடைமையாக உள்ளது. எம்பாஸ் கட்டற்ற மென்பொருள். நாடாவில் வாங்கிய தரவைப் பிறருக்கு வழங்கத் தடையிருந்த காலத்தில் உருவான அணிகள், இன்று எவரும் படியெடுத்துப் பிறருக்கு வழங்கத்தக்க மென்பொருள்களில் உலாவுகின்றன.

சிறப்புகள்

டேஹாஃப் அமெரிக்க உயிரியற்பியல் கழகத்தில் பொறுப்பு வகித்த முதற்பெண்மணி ஆவார். 1971 முதல் 1979 வரை அதன் செயலாளராகவும், 1980 முதல் 1981 வரை தலைவராகவும் இருந்தார். அவருடைய நினைவாக அக்கழகம் 1984 இல் மார்கரெட் ஓக்லி டேஹாஃப் விருதை ஏற்படுத்தியது. உயிரியற்பியல் ஆய்வில் சிறந்து விளங்கும், பணிவாழ்வின் தொடக்க நிலையில் உள்ள பெண் ஆய்வாளர்களுக்கு இவ்விருது வழங்கப்படுகிறது.

மதிப்பீடு

டேஹாஃப் ஒரு புதிய மூலக்கூறையோ உயிரினத்தையோ கண்டுபிடித்தவர் அல்லர். பிறர் கண்டறிந்தவற்றை ஒன்றுசேர்த்து, பிழை நீக்கி, ஒரே குறியீட்டில் எழுதி, கணினி படிக்குமாறு வைத்தார். அவ்வாறு வைத்த பின்னரே, தனித்தனியே பார்த்தபோது புலப்படாத உறவுகள் புலப்பட்டன. பேம் அணிகள் அட்லசின்றி உருவாகியிருக்க இயலாது. சார்க் புரதத்தின் உறவும் தரவுத்தளமின்றி வெளிப்பட்டிருக்காது. தொகுப்பதும் அறிவியலே என்பதை அவருடைய பணி நிறுவியது. அத்தொகுப்பு யாருக்கு உரியது என்னும் வழக்கில் காலம் அவருடைய முறைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. திறந்த தரவு என்னும் கொள்கையே வென்றது. அவ்வாறு திறந்து வைப்பதற்கு ஏற்ற ஒழுங்கான தரவு என்னும் கருத்தை உருவாக்கியவர்களுள் அவர் முதன்மையானவர்.